பெண்ணைப் பெற்றவர் லிஃப்டை மறித்த நாள்

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்தபோது மகள் அப்பாவைச் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். பாடம் நடத்துவதுதான் அவள் தொழில். கம்பெனி கம்பெனியாகப் போய், நாலு பேர் முன்னால் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லிக்கொடுப்பாள். எப்படிக் கைகுலுக்குவது, மேலதிகாரி பேசும்போது செல்போனை எங்கே வைப்பது, எதிராளி மனம் கோணாமல் எப்படி 'முடியாது' என்பது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. மாப்பிள்ளையே அப்படி ஒரு வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டு, அவள் கண்ணில் மாட்டிக்கொண்டவர்தான்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். முப்பத்திரண்டு வருடம் மெஷின் ரூம் இரைச்சலில் கத்திக் கத்திப் பேசி, சாதாரணமாகப் பேசினாலே சண்டை பிடிப்பதுபோல இருக்கும். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் லிஃப்டைத்தான் பார்ப்பார். ஒரு துக்க வீட்டுக்குப் போன இடத்தில், மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்க லிஃப்ட்ல கதவு உரசுது" என்று பிள்ளைகளிடம் சொன்னவர்.

அதனால் மகள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சம்பந்தி வீட்டாரிடம் சம்பளம் கேட்கக் கூடாது. தோளில் தட்டிப் பேசக் கூடாது. சாப்பிட்டுக்கொண்டே செல்போன் எடுக்கக் கூடாது. கடைசியாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அப்பா, அன்னிக்கு ஒரு நாள் மட்டும் லிஃப்ட் பத்திப் பேசாதீங்க. ஏதாவது குறை இருந்தாலும் சம்பந்தப்பட்டவங்களைத் தனியாக் கூப்பிட்டு மெதுவாச் சொல்லுங்க. நாலு பேர் முன்னாடி வேண்டாம்."

அவள் கவலைக்குக் காரணம் இருந்தது. கல்யாணம் நடக்கவிருந்தது மாப்பிள்ளையின் தாய்மாமாவுடைய கட்டடத்தில். ஆறு மாடி. கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், உச்சியில் கல்யாணக் கூடம். தாய்மாமா அந்தக் கட்டடத்தைத் தன் மூத்த பிள்ளையைப்போலப் பேசுவார். அதனால் அவருக்குப் பெயரே 'கட்டட மாமா'. கூடத்தை மருமகனுக்குத் தன் அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டில் அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள்.

அப்பா தலையாட்டினார். மகள் சந்தோஷம்தான் முக்கியம் என்று உண்மையிலேயே நினைத்தார்.

கல்யாணத்தன்று காலையில் மனைவியோடும் இன்னும் ஆறேழு உறவினர்களோடும் லிஃப்டில் ஏறினார். உள்ளே கண்ணாடியும் பித்தளையுமாகப் பளபளத்தது. ஆறாவது மாடியில் நின்று கதவு திறந்ததும் வழக்கப்படி குனிந்து பார்த்தார். லிஃப்டின் தரை, வெளித்தரையைவிட ஒரு விரல் தாழ்ந்திருந்தது. அது பெரிய விஷயமில்லை. ஆனால் முன்னால் நின்ற நாலு பேர் இறங்கியதும் காலுக்கடியில் தரை நகர்ந்தது. மெல்ல, தூங்குகிறவன் மூச்சு இழுப்பதுபோல, மேலே ஏறியது. அதோடு ஒரு வாசனை. பூ, சென்ட், எல்லாவற்றுக்கும் அடியில் கருகின ரப்பர் மாதிரி ஒரு வாசனை.

மற்றவர்கள் இறங்கும்வரை கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

நின்ற லிஃப்ட் நின்ற இடத்தில் இருக்க வேண்டும். அதைப் பிடித்து வைப்பது மேலே மெஷினில் இருக்கிற பிரேக். அந்தப் பிடி தளர்ந்துவிட்டால், உள்ளே ஆள் நிறைய இருக்கும்போது லிஃப்ட் கீழே வழுக்கும். ஆள் குறைந்தால், மறுபக்கம் தொங்குகிற எடைக்கட்டு இழுத்து மேலே வழுக்கும். கதவு மூடியிருந்தால் பரவாயில்லை. கதவு திறந்திருக்கும்போது, ஒருவர் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்திருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்பதை அவர் ஒரு முறை பார்த்திருக்கிறார்.

அப்போது அவருக்கு வயது முப்பது. ஓர் அலுவலகக் கட்டடத்தில் இதே மாதிரி பிரேக் வழுக்குவதைக் கண்டுபிடித்தார். லிஃப்டை நிறுத்த மேனேஜர் அனுமதி வேண்டும். மேனேஜர் அறையில் வெளியூர் விருந்தாளிகள் இருந்தார்கள். கொஞ்சம் உட்காருங்கள், அவர்கள் போகட்டும் என்றாள் வாசலில் இருந்த பெண். கிரீஸ் கை நாற்காலியில் படாமல் முழங்காலில் வைத்துக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் மரியாதையாக உட்கார்ந்திருந்தார். நடுவில் தண்ணீர் கொடுத்தார்கள். நன்றி சொன்னார். அப்புறம் தாழ்வாரத்தின் கோடியிலிருந்து ஒரு வாளி உருளுகிற சத்தம் கேட்டது. தரை துடைக்கிற அம்மாவின் வாளி. அந்த அம்மா அதற்குப் பிறகு நடக்கவில்லை. இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

லிஃப்டுச் சுவரில் சோதனைச் சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பக்கத்தில் வைத்திருந்த பூச்சாடியின் இலைகள் அதை மறைத்தன. அடுத்த முறை ஏறியபோது இலையை விலக்கிப் பார்த்தார். கெடு முடிந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

மகள் சொல்லிக்கொடுத்தபடியே செய்தார். கட்டட மாமாவைக் கூடத்தின் ஓரத்துக்குக் கூப்பிட்டு, தன்னால் முடிந்த மட்டும் மெல்லிய குரலில், லிஃப்ட் பிரேக் சரியில்லை, ஒரு மணி நேரம் நிறுத்தினால் தானே பார்த்துச் சரி செய்துவிடுவதாகச் சொன்னார். கட்டட மாமா கோபப்படவில்லை. சிரித்தார். அதுதான் மோசம். தோளில் கையைப் போட்டு, "சம்பந்தி, இன்னிக்கு நீங்க பொண்ணோட அப்பா. ஒரு நாளாவது வேலைக்கு லீவு விடுங்க" என்றார். சர்வீஸ் போன மாதம்தான் நடந்தது என்றும் சொன்னார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். இவரும் சிரித்து வைத்தார்.

அடுத்து மாப்பிள்ளையின் அப்பாவிடம் போனார். அவர் நல்ல மனிதர். கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் மைத்துனரிடம் எப்படிச் சொல்வது, அவர் ஆசையாகக் கொடுத்த இடமாயிற்றே, சாயங்காலம் எல்லாம் முடியட்டும், பக்குவமாக எடுத்துச் சொல்லலாம் என்றார். கடைசியில் மனைவியிடம் சொன்னார். மனைவி அவர் சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோல நெருங்கி வந்து காதைக் கடித்தாள்.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்ப்பாங்களா? பொண்ணு மூஞ்சியப் பாருங்க. வாயை மூடிட்டு இருங்க."

பார்த்தார். மகள் மேடையில், வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் எழுந்து நின்று, ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அத்தனை அழகாக இருந்து அவர் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் கால் சும்மா இருக்கவில்லை. லிஃப்டு வாசலில் போய் நின்றுகொண்டு, வருகிறவர்களை வரவேற்பதுபோலக் கை கூப்பினார். குழந்தைகளைக் கையைப் பிடித்து ஒரே இழுப்பாக வெளியே தூக்கினார். வயதானவர்களிடம், வாங்க வாங்க, சீக்கிரம் வாங்க என்றார். பெண்ணின் அப்பா எப்படி உபசரிக்கிறார் பாருங்கள் என்று ஒருவர் பாராட்டிக்கொண்டே போனார். கீழே இறங்குகிற இளவட்டங்களிடம், படியில் போங்களேன், சாப்பிட்டது செரிக்கும் என்றார். சிலர் கேட்டார்கள், பலர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

ஒரு விரல் இரண்டு விரலாயிற்று. பதினொரு மணிக்கு மூன்று விரல். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி தடுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். அவளே சிரித்துக்கொண்டு எழுந்து, புதுச் செருப்பு, பழக்கமில்லை என்றாள். அவருக்கு முதுகெல்லாம் வேர்த்து சட்டை ஒட்டிக்கொண்டது. மொட்டை மாடிக்கு ஏறி மெஷின் ரூம் கதவை இழுத்துப் பார்த்தார். பூட்டு. உள்ளேயிருந்து வாசனை நன்றாகவே வந்தது. சாவி முதலாளியிடம் இருக்கிறது, அவர் சொன்னால்தான் தருவேன் என்றான் காவலாளி.

அவர் கூடத்துக்குத் திரும்பியபோது போட்டோக்காரர் எல்லாரையும் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். குடும்பப் படம் எடுக்க ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. மாப்பிள்ளையின் பெரிய அத்தை. எண்பத்து நாலு வயது, சக்கர நாற்காலி. கீழே கார் வந்துவிட்டது, கட்டட மாமாவே அழைத்துவரப் போயிருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள்.

சக்கர நாற்காலி. முன்னால் இரண்டு சின்னச் சக்கரம். லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் சின்னச் சக்கரம் சிக்கும். சிக்கினால் தூக்கி எடுக்க அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடம் கிழவியின் பாதம் எங்கே இருக்கும் என்பது அவர் கண்முன் வந்து நின்றது. வாளி உருளுகிற சத்தம் காதில் கேட்டது.

படியில் ஓடினார். ஐம்பத்தெட்டு வயதும் இரண்டு கெட்ட முழங்காலுமாக, கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, ஆறு மாடியும் ஓடினார். கீழே வந்தபோது லிஃப்ட் கதவு திறந்திருந்தது. அத்தையின் நாற்காலியைக் கட்டட மாமாவே தள்ளிக்கொண்டிருந்தார். பின்னால் ஏழெட்டு பேர், இரண்டு குழந்தைகள். அவர் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், வாசலின் இரண்டு பக்கத்தையும் கையால் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றார்.

"யாரும் ஏறக் கூடாது."

மூச்சு வாங்கியதில் அது அதட்டலாக வந்தது. கட்டட மாமா முதலில் சிரிக்கப் பார்த்தார். அப்புறம், சம்பந்தி, பெரியவங்க காத்திருக்காங்க, நகருங்க என்றார். இவர் நகரவில்லை. பிரேக் போய்விட்டது, சான்றிதழ் செத்து பதினான்கு மாதம் ஆகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். அத்தனை பேர் முன்னால் அந்த வார்த்தை விழுந்ததும் கட்டட மாமாவின் முகம் கறுத்தது. மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், ஆள் காலையிலேயே போட்டுவிட்டார் போல என்றது இவர் காதிலும் விழுந்தது. அவர் வாழ்நாளில் குடித்ததில்லை. பிடியை விடவில்லை.

யாரோ மேலே போன் செய்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் படியில் வளையல் சத்தம் கேட்டது. மகள் கல்யாணப் புடவையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு இறங்கி வந்தாள். பின்னால் மாப்பிள்ளை. அவருக்குப் பின்னால் வாயைக் கையால் பொத்திக்கொண்டு மனைவி.

மகள் யாரையும் பார்க்கவில்லை. நேராக அப்பாவிடம் வந்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்ததா, அழுகை இருந்ததா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"அப்பா, நிச்சயமாத் தெரியுமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாலு பேர் முன்னால் மானம் தப்பியிருக்கும். ஆனால் பிரேக்கை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

"நிச்சயமாத் தெரியாது பாப்பா. பயமா இருக்கு."

அவள் அவர் கையைப் பார்த்தாள். கதவு விளிம்பில் அழுந்தி விரல் வெளுத்திருந்தது. லிஃப்ட் குழிக்குள் கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை செய்த அப்பா, பயமாக இருக்கிறது என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. பிறகு திரும்பி, சக்கர நாற்காலிக்கு முன்னால் போய் முழந்தாளிட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, உங்களைப் பார்க்கணும்னு நானே ஓடி வந்துட்டேன். நீங்க ஏன் மேலே வந்து அலையணும்? இங்கேயே எல்லாரும் சேர்ந்து படம் எடுத்துக்கலாம்."

கிழவிக்குக் காது அவ்வளவாகக் கேட்காது. ஆனால் மணப்பெண் தன் காலடியில் உட்கார்ந்திருப்பது புரிந்தது. அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, மேலே ஏசி குளிரும், எனக்கு ஆகாது, இதுதான் நல்லது என்றாள். கூட்டத்தில் இறுக்கம் தளர்ந்தது. மாப்பிள்ளை கிடைத்த சாக்கில், போட்டோக்காரரைக் கீழே வரச்சொல்லி ஆள் அனுப்பினார், படியில்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். கட்டட மாமாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. தன் கட்டடத்தில், தன் ஆட்கள் முன்னால், தன் அன்பளிப்பை ஒரு மெக்கானிக் குப்பை என்று சொல்லிவிட்டான். அவர் எதுவும் பேசாமல், அப்பா கையை இறக்கிய கணத்தில், அவரைத் தாண்டி லிஃப்டுக்குள் போனார். திரும்பி நின்று கோட்டைச் சரிசெய்துகொண்டார்.

"நான் போய்ட்டு வரேன். பார்த்துக்கோங்க."

அப்பா பாய்ந்து கையைக் கொடுக்கப் போனார். கதவு மூடிவிட்டது.

கதவுக்கு மேலே சிவப்பு எண் எரிந்தது. ஒன்று. இரண்டு. ஒரே ஒரு ஆள், பாரம் இல்லை, அதனால் மேலே இழுக்கும் என்று அப்பாவின் வாய் தன்னால் முணுமுணுத்தது. மூன்று. மகள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான்கு. இறங்கும்போது தாண்டிக் குதிங்கள், நிற்காதீர்கள் என்று அவர் கதவிடுக்கில் வாயை வைத்துக் கத்தினார். உள்ளே கேட்டிருக்க வழியில்லை. ஐந்து. ஆறு.

எண் ஆறிலேயே நின்றது. மேலேயிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. அடியா, கதவு திறந்த ஓசையா, சொல்ல முடியாது. மாப்பிள்ளை மாமாவுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இரண்டாவது முறையும் எடுக்கவில்லை. மாப்பிள்ளை படியை நோக்கி ஓடினார். அப்பாவால் ஓட முடியவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டார். நானே கையை எடுத்துவிட்டேனே, இந்த முறையும் நான்தானே என்று அவருக்குள் ஓடியது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு காலடி டக்கென்று, அடுத்தது சத்தமில்லாமல். டக், அப்புறம் ஒன்றுமில்லை. டக்.

கட்டட மாமா மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வலது காலில் ஷூ இருந்தது. இடது காலில் காலுறை மட்டும்தான் இருந்தது, அதுவும் பாதி கழன்று. முகம் சுண்ணாம்படித்த சுவர்போல இருந்தது. யாரையும் பார்க்காமல் காவலாளியைக் கூப்பிட்டு, மெயினை அணைத்துவிட்டு லிஃப்டைப் பூட்டு என்றார். பிறகு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். டம்ளர் பல்லில் மோதி டகடகவென்று சத்தம் போட்டது.

ஷூ எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மகள் மட்டும், போட்டோ எடுக்கும்போது, பெரிய அத்தையின் சக்கர நாற்காலியை அவருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி அந்தக் கால் தெரியாமல் பார்த்துக்கொண்டாள். அப்பாவை அவருக்குப் பக்கத்தில் நிற்க வைத்தாள். படத்தில் இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

அன்றைக்கு மீதிச் சாப்பாட்டை ஆறு மாடி படியில் இறக்கினார்கள். வயதானவர்கள் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மாப்பிள்ளை வீட்டில் சிலர், பெண்ணின் அப்பா கல்யாணத்தில் கலாட்டா செய்தவர் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். ஷூவைப் பற்றித் தெரிந்தவர்கள் அதைத் திருத்தவில்லை. அவரும் திருத்தப் போகவில்லை. பிரேக்கைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் அவருக்குப் பழைய சிநேகிதர். பிடிக்கிற பட்டை தேய்ந்து ஆணித்தலை வெளியே தெரிந்தது என்று போனில் சொன்னார். சர்வீஸ் செய்வதாகச் சொன்னவன் ஒரு வருடமாக மாடி ஏறவே இல்லையாம். ஷூவைப் பற்றியும் அவர்தான் சொன்னார். கால் வைத்து இறங்கும்போது லிஃப்டின் தரை முழங்கால் உயரம் எழும்பியிருக்கிறது; உள்ளே இருந்த இடது காலின் ஷூ விளிம்பில் மாட்டிக் கழன்றிருக்கிறது. மாமா முன்னால் விழுந்ததால் பிழைத்தார்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கட்டட மாமா சொல்லாமல் கொள்ளாமல் அவர் வீட்டுக்கு வந்தார். தனியாக. மனைவி பதறிப்போய் நல்ல கோப்பையைத் தேடினாள். அவர் உட்கார்ந்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். பெண்ணும் மாப்பிள்ளையும் சௌக்கியம் என்றார். புது மெஷின் வைத்துவிட்டதாக ஒரு வார்த்தை சொன்னார். மன்னிப்பு என்கிற பேச்சு வரவில்லை. அப்பா அதை எதிர்பார்க்கவும் இல்லை. காப்பியை நகர்த்தி வைத்தார்.

மாமா கோப்பையை எடுக்கவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்.

"அன்னிக்குக் காலைல இருந்து அதுல எத்தனை பேர் ஏறி இறங்கியிருப்பாங்க?"

அப்பா யோசித்தார். அவர் வாசலில் நின்று ஒவ்வொருவராக எண்ணியிருந்தார்.

"நானூறு பேருக்கு மேல இருக்கும். அறுபது எழுபது குழந்தைங்க."

மாமா தலையை ஆட்டினார். தூக்கத்தில் கதவு திறக்கிறது என்றார். தினமும் திறக்கிறதாம். ஒரு நாள் அத்தை நிற்கிறாளாம், ஒரு நாள் யாரோ ஒரு குழந்தையாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் மிக மெல்லியதாக இருந்தது.

அப்பா எழுந்துபோய் மாமாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே மனைவிக்குக் கேட்காத குரலில், ஒரு அலுவலகத்தைப் பற்றியும், அங்கே தரை துடைத்த ஒரு அம்மாவைப் பற்றியும், முதல் தடவையாக ஒருவரிடம் சொல்ல ஆரம்பித்தார்.